குளிர் மணி

தெலுக் கும்பாரில் எங்களுடையது கோர்னர் வீடு.
சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே பதினாறடி மண்,
அதில் மூன்று பேரி மரங்கள்.

மா வைக்கலாமே என்றார் பக்கத்து வீட்டு இயோ.
ரம்புத்தான் என்றாள் நாத்தனார்.
கேமரன் மலையிலிருந்து, முட்டைக்கோஸ் லோரியில்,
ஈரச்சாக்கு சுற்றி வந்த ஒட்டுக்கன்றுகள் என்றேன்,
ஏதோ அதுவே பதில் என்பதுபோல.

ஹூட். கீஃபர். ஃபுளோரிடா.
சிப்புப் பெட்டிகளில் ஒட்டும் மஞ்சள் வில்லையில் பெயரெழுதித்
தண்டில் கட்டினேன்.
இருபத்திரண்டு வருடமாக என் வேலையே அதுதான்:
லென்ஸ் வழியே பார்ப்பது, எழுதுவது, ஒதுக்குவது.

நோட்டில் கட்டம் போட்டேன்.
உயரம், கிளை, இலைப்புள்ளி, பூ.
முதல் வருடம் ஹூட் தாழ்வாரத்தைத் தொட்டது.
கீஃபர் முழங்கால் உயரத்தில் நின்று முரண்டு பிடித்தது.
ஃபுளோரிடா நடுவில், யார் பக்கமும் சேராமல்.
பூ: சைபர், சைபர், சைபர்.
அடுத்த வருடமும் அதே மூன்று சைபர்.
தள்ளி வைத்துப் பார்த்தால்
காய்த்துத் தொங்குகிற மாதிரித்தான் இருந்தது.

குளிர் போதாதாம்.
பூக்க வேண்டுமானால் தூங்க வேண்டும்,
தூங்க வேண்டுமானால் நடுங்க வேண்டும்.
ஹூட்டுக்கு நூற்றைம்பது மணி நேரக் குளிர்,
கீஃபருக்கு முந்நூற்றைம்பது.
இங்கே டிசம்பரில்கூட மின்விசிறி மூன்றில் ஓடுகிறது.

அன்றிரவு தொழிற்சாலைப் பேருந்தில் கணக்குப் போட்டேன்.
பாயான் லெப்பாஸில் என் அறை எப்போதும் பத்தொன்பது டிகிரி.
வெள்ளை அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை,
ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம்.
கீஃபர் கேட்கிற குளிர்
எனக்கு நாற்பத்து நாலு ராத்திரி.
பத்தொன்பதெல்லாம் குளிரே இல்லை என்கிறது புத்தகம்.
புத்தகம் அங்கே நின்று பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம், ஜனவரி, ஒரு சனிக்கிழமை
இலைகளைக் கையால் உருவினேன்.
ஜாவாவில் ஆப்பிளுக்கு இப்படித்தான் செய்வார்களாம்:
குளிர்காலம் வந்துபோனது என்று
மரத்திடம் பொய் சொல்வது.
நானூறோடு எண்ணுவதை நிறுத்தினேன்.
"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் பரமானந்தம்,
ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு.
இயோ ஒன்றும் கேட்கவில்லை.
வேலிக்கு மேலாகக் குப்பைப்பை ஒன்றை நீட்டினார்.

மூன்று வாரம் வெறும் குச்சிகள்.
தபால்காரர்கூட வண்டியை நிறுத்தி
செத்துப்போச்சா அக்கா என்று விசாரித்தார்.

பிறகு ஒரு விடியலில், ஷிப்டு முடிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்:
ஃபுளோரிடாவில் ஏழு பூ.
ஹூட்டில் இரண்டு.
பார்வைக்குப் பால், மோந்தால் கருவாடு.
மீன்பிடி ஊருக்கு ஏற்ற பூதான்.
சிப்பில் தூசி தட்டும் தூரிகையால்
இதிலிருந்து அதற்கு மகரந்தம் தடவினேன்.
கீஃபர் இலை மட்டும் விட்டது.

எல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு காய் நின்றது.
ஆகஸ்டு மழைக்கு முந்தின நாள் பறித்தேன்.
ஜாதிக்காய்ச் சாறு சோதிக்கும் கருவியில்
இயோ ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒன்பது, என்றார்.
கடையில் வாங்குவது பன்னிரண்டு இருக்கும்
என்பதை மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்.

நாலு துண்டு.
பல்லில் மணல் நறநறத்தது.
புளிக்குழம்பில் போட்டிருக்கலாம் என்றாள் நாத்தனார்,
தன் துண்டை முழுசாகத் தின்றுவிட்டு.
பரமானந்தம் விதையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்,
ஏன் என்று நான் கேட்கவில்லை.
என் வேலையிடமாக இருந்தால் இதற்குச் சிவப்பு வில்லை.

ஃபுளோரிடா: பூ ஏழு, காய் ஒன்று, இனிப்பு ஒன்பது.
ஹூட்: பூ இரண்டு.
கீஃபர்: சைபர்.

எவ்வளவு உருவியும் ஏமாறாத மரம்.
குளிர் வந்தால் பார்க்கலாம் என்று
அதே முழங்கால் உயரத்தில் நிற்கிறது.
மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.
அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.